“40-க்குக் கீழேதானே இருக்கிறது, டாக்டர்?”

இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது நீளமான ஒரு கடிதம். எழுதியவருக்கு 38 வயது. இளம் வயதிலிருந்தே துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்; ஆறு ஆண்டுகளாக ஓர் உள்ளரங்கச் சுடுதளத்தில் பயிற்சியாளர். வாரத்தில் ஐந்து நாள், சுடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று திருத்துவது வேலை. கடைசி ஆள் கிளம்பிய பிறகு தரையில் கிடக்கும் காலி உறைகளைப் பெருக்கி அள்ளுவதும் அவர்தான். விடுமுறை நாளில் தன் சொந்தப் பயிற்சி.

அண்மையில் எடுத்த உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 146/92 என்று வந்திருக்கிறது. சில மாதங்களாகத் தலைவலி, மலச்சிக்கல், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். நண்பர் சொன்னதைக் கேட்டு, விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஈயம் பார்த்திருக்கிறார். ஒரு டெசிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று வயதில் ஒரு மகள். அவர் கதவைத் திறந்ததும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாளாம்.

அவர் கேட்பவை இவை: “40-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்கிறார்கள். என்னுடையது 27-தானே? எங்கள் தளத்தில் செம்பு உறை போட்ட குண்டுதான் பயன்படுத்துகிறோம். வெளியே வரும்போது சானிடைசர் போட்டுக் கை துடைக்கிறேன். அப்புறம் எப்படி ஈயம் ஏறியது? உடம்பிலிருந்து ஈயத்தை இறக்க ரத்தக் குழாய் வழியாகச் சொட்டு மருந்து ஏற்றுகிறோம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா? நிர்வாகத்திடம் சொன்னால் வேலை போய்விடுமோ? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, இந்த நேரத்தில் பயமுறுத்த வேண்டாம் என்றுதான். கடைசியாக ஒன்று, மகளைத் தூக்கலாமா?”

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 40.

40 என்பது யாருடைய எண்?

நண்பரே, அந்த எண்ணை உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உடம்பைப் பார்த்து எழுதிய எண் இல்லை, வேலைத்தளத்துக்காக எழுதிய எண். அமெரிக்காவில் 1978-ல் வந்த தொழிலிட ஈய விதிகளின்படி, பொதுவான தொழிலிடங்களில் ஒருவரின் ரத்த ஈயம் 60-ஐத் தொட்டாலோ, சராசரியாக 50-ஐத் தொட்டாலோ அவரை ஈயம் உள்ள வேலையிலிருந்து விலக்க வேண்டும். 40-க்குக் கீழே இறங்கிய பிறகு திரும்ப அனுப்பலாம். ‘40-க்குக் கீழ் சரி’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான். அந்த விதி எழுதி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.

அதற்குப் பிறகு தெரிந்துகொண்டது நிறைய. உங்கள் துறைக்கே நேராகப் பொருந்தும் ஒன்று: ராணுவச் சுடுதளங்களில் வேலை செய்பவர்களைப் பற்றி 2012-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் ஆராய்ந்து, 40 என்ற வரம்பு அவர்களைக் காப்பாற்றப் போதாது என்று எழுதியது. அதற்குக் கீழேயே நரம்பு, சிறுநீரகம், இதயம், ரத்த ஓட்டம், இனப்பெருக்கம் எல்லாவற்றிலும் பாதிப்பு தெரிகிறது என்பது காரணம். கலிஃபோர்னியா மாநிலம் 2025-லிருந்து விலக்கும் வரம்பையே 30-க்கு இறக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி கீழே போய், 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துங்கள் என்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பதும் அதன் நிலை.

ஆக, உங்கள் 27 உயிருக்கு ஆபத்தான எண் இல்லை. சும்மா விடக்கூடிய எண்ணும் இல்லை. ஈயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. தலைவலி, மலச்சிக்கல், எரிச்சல் மூன்றும் ஈயத்தின் பழைய பட்டியலில் உள்ளவைதான். அதற்காக எல்லாப் பழியையும் ஈயத்தின் மேல் போட்டுவிட மாட்டேன். காற்றோட்டம் சரியில்லாத உள்ளரங்கில் சுடும்போது கார்பன் மோனாக்சைடும் சேரும். அதுவும் தலைவலி தரும். 146/92-க்குக் குடும்ப வரலாறு காரணமாக இருக்கலாம், தூக்கமின்மையும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தனியாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஈயம் இறங்கினால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. சுடுபவர்களுக்கு விரல் நுனிப் பரிசோதனை அவ்வளவு நம்பகமானது இல்லை. உங்கள் விரல் தோலிலேயே ஈயம் ஒட்டியிருக்கும். குத்தும்போது அது ரத்தத் துளியில் கலந்து எண்ணை ஏற்றிக் காட்டலாம். எனவே கையின் சிரையிலிருந்து, அதாவது ரத்தக் குழாயிலிருந்து, எடுத்த ரத்தத்தில் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். குறைவாக வந்தால் நல்லது, ஆனால் வருவதற்கு முன்பே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கூடவே ஹீமோகுளோபின், கிரியேட்டினின், துத்தநாக புரோட்டோபார்ஃபிரின் ஆகியவற்றையும் கேளுங்கள். கடைசியில் சொன்னது, கடந்த சில மாதங்களில் ஈயம் ரத்த உற்பத்தியைத் தொந்தரவு செய்ததா என்று காட்டும். அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மைக்ரோமோலில் தருவார்கள். அதில் 1.3 என்று இருந்தால் அது உங்கள் 27-தான். ‘1.3-தான் சார், ஒன்றுமில்லை’ என்று சந்தோஷமாக வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

செம்பு உறை போட்ட குண்டு, அப்புறமும் ஈயம்

சுடுதளத்தில் ஈயம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. பலர் நினைப்பது குண்டை மட்டும். ஆனால் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் இருக்கிறதே, அதில் வழக்கமாக இருப்பது லெட் ஸ்டிஃப்னேட், அதாவது ஓர் ஈயச் சேர்மம். ஊசி அடித்ததும் அது வெடித்து மிக நுண்ணிய ஈயத் துகளாகப் புகையோடு வெளியே வருகிறது. செம்பு உறை இதை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அடுத்து, உறை போட்ட குண்டுகள் பலவற்றில் அடிப்பாகம் திறந்தே இருக்கும். கொதிக்கும் வாயு அந்த ஈயத்தின் மேல்தான் மோதுகிறது. மூன்றாவது, குண்டு பின்சுவரில் மோதி நொறுங்கும்போது கிளம்பும் தூசி. அடியும் மூடிய குண்டு, ஈயமில்லாத பிரைமர் இரண்டும் சேர்ந்தால்தான் அளவு கணிசமாகக் குறையும். உங்கள் தளம் வாங்கும் தோட்டாப் பெட்டியில் பிரைமர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஒழுங்காக அமைத்த உள்ளரங்கில் காற்று சுடுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, அவரைக் கடந்து, இலக்கின் பக்கமாகப் போய் வெளியேற வேண்டும். சுடும் கோட்டில் நிமிடத்துக்குச் சுமார் 23 மீட்டர் வேகம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அப்படி ஓடினால், பின்னால் நிற்கும் பயிற்சியாளர் நிற்பது சுத்தமான காற்றில். உங்கள் சொந்தப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள்தான். அப்படியானால் 27 எங்கிருந்து வந்தது? ஒன்று, காற்று தலைகீழாகச் சுழன்று உங்கள் முகத்துக்கே திரும்புகிறது. இல்லாவிட்டால் துடைப்பம். பெரும்பாலும் இரண்டும்.

துடைப்பத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நாள் முழுக்கத் தரையில் படிந்த ஈயத் தூசியை ஒரே நேரத்தில், அதுவும் காற்றோட்டத்தை அணைத்த பிறகு, கிளப்பி மூச்சில் இழுக்கும் வேலை அது. ஆறு ஆண்டாக ஒவ்வொரு மாலையும். மூச்சில் போகும் நுண்துகள் ஆழமாக இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். விழுங்கினால் பெரியவர்களுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சேரும். நாளையிலிருந்து உலர்ந்த துடைப்பத்தைத் தொடாதீர்கள். ஈரத் துணி, ஈர மாப், அல்லது நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்யூம். வீட்டில் இருக்கும் சாதாரண வாக்யூம் தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும், அது துடைப்பத்தைவிட மோசம். வேலை நடக்கும்போது காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். என்95 வகை முகக்கவசம் கொஞ்சம் உதவும், முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால். தாடி இருந்தால் உட்காராது. துணி மாஸ்க்கை நம்ப வேண்டாம்.

சானிடைசர் கிருமிக்கு. ஈயம் உலோகம், சாராயத்தில் கரையாது, சாகாது. அதைத் தேய்க்கும்போது தூசி உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது, அவ்வளவுதான். சோப்பும் ஓடும் குளிர்ந்த தண்ணீரும், நகக்கண் வரை. முகத்தையும் கழுவுங்கள், மீசையையும்தான். அதன் பிறகே தண்ணீர் பாட்டில், தேநீர், சிகரெட் எல்லாம். தளத்துக்குள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஏர் ரைஃபிள் சுடும் இளைஞர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களையும் கொஞ்சம் அதட்டுங்கள்.

மனைவியும் மகளும்

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மனைவியிடம் சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. உங்கள் சட்டையை உதறி, துவைப்பது யார்? உங்கள் காலணி எங்கே கழற்றப்படுகிறது? வண்டியின் இருக்கையில் யார் உட்காருகிறார்கள்? ஈயத் தூசிக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமோ மணமோ இல்லை. அது துணியிலும் தலைமுடியிலும் உட்கார்ந்து வீட்டுக்கு வரும். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அதைத் தடுக்கும் வடிகட்டி எதுவும் அங்கே இல்லை. கர்ப்பக் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, அங்கே பழைய ஈயம் தங்கியிருந்தால் அதுவும் கூடவே வெளியே வரும். எனவே அவருக்கும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை தேவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலில், கர்ப்பிணிக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூலத்தைத் தேடித் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் ‘கணவர் சுடுதளத்தில் வேலை செய்கிறார்’ என்று அவரே சொல்லட்டும். கால்சியமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு கிடைக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இரண்டும் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும்.

மகளுக்கும் பரிசோதனை. சிறு குழந்தைகள் விழுங்கும் ஈயத்தில் பாதி வரைகூட உடலில் சேரலாம், தரையைத் தொட்ட கை நேராக வாய்க்குப் போகிற வயது வேறு. அதே மையம் குழந்தைகளுக்கான கவன எல்லையை 2021-ல் 5-லிருந்து 3.5 ஆக இறக்கியது. அதற்கு மேல் வந்தால் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டுக்குள் ஈயம் வந்துகொண்டிருக்கிறது, கதவை மூடு என்று அந்த எண் சொல்கிறது. இதைச் சொல்லும்போது பயமுறுத்தாமல் சொல்ல வழி இருக்கிறது: பிரச்சினையை மட்டும் கொண்டுபோகாமல், நாளையிலிருந்து நாம் இதைச் செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தளத்துக்கென்று தனி உடை, தனி காலணி. அங்கேயே மாற்றி, கட்டி வைத்த பையில் கொண்டு வந்து, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் நீங்களே துவையுங்கள். உதறாதீர்கள். தளத்திலேயே குளிக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை குளியல், தலைமுடி உட்பட. வண்டியின் இருக்கையையும் கால் மிதியையும் ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டில் பழைய உறைகளைச் சுத்தம் செய்து மறுபடி தோட்டா நிரப்பும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் குழந்தை வளரும் வீட்டில் அது கூடாது. உறைகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் எந்திரத்தில் சேரும் தூசியில் பிரைமரின் மிச்சம் அப்படியே இருக்கும்.

சொட்டு மருந்து வேண்டாம்

அவர்கள் சொல்லும் சொட்டு மருந்து கீலேஷன், அதாவது உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. அது உண்மையான மருத்துவம்தான், கடுமையான ஈய நச்சுக்கு. வயது வந்தவர்களில் ரத்த ஈயம் 70-ஐத் தாண்டும்போதோ, அதற்குக் கீழே தெளிவான நோய்க்குறிகள் இருக்கும்போதோ நிபுணர்கள் யோசிப்பார்கள். 100-ஐத் தாண்டினால் கட்டாயம் என்பார்கள். 27-க்கு யாராவது சொட்டு ஏற்றுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காரணம் இரண்டு. மருந்து தாமிரம், துத்தநாகம் போன்ற தேவையான தாதுக்களையும் இழுத்துக்கொண்டு போகும், சிறுநீரகத்தையும் தொந்தரவு செய்யலாம். மருந்தின் பெயரே குழப்பம் தரக்கூடியது: கால்சியம் சேர்த்த ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கால்சியம் இல்லாத வகையைக் கொடுத்ததால் ரத்தக் கால்சியம் சரிந்து நோயாளிகள் இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவது, ஈயம் வரும் வழியை மூடாமல் ரத்தத்திலிருந்து இறக்கினால் மாலைக்குள் துடைப்பம் அதைத் திருப்பித் தந்துவிடும். முதலில் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரில் உலோகம் அளந்து ‘பாருங்கள் எவ்வளவு வருகிறது’ என்று காட்டும் பரிசோதனையையும் நம்ப வேண்டாம். மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் எண் ஏறும்.

பால் குடித்தால் ஈயம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதும் அப்படித்தான். போதுமான கால்சியம் புது ஈயம் சேர்வதைக் குறைக்கும், ஏற்கெனவே சேர்ந்ததைக் கழுவாது.

தூசி நின்றால் உடம்பு தானே வெளியேற்றும். ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் என்பார்கள், ஆனால் ஆறு ஆண்டு தூசியில் நின்றவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வயது வந்தவர் உடலில் சேரும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கே அது ஆண்டுக்கணக்கில், சில சமயம் பத்தாண்டுக்கணக்கில் தங்கி, மெதுவாக ரத்தத்தில் கசியும். எனவே ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், எண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். முதல் மூன்று மாதத்தில் கொஞ்சமாவது இறங்காவிட்டால் ஈயம் இன்னும் எங்கிருந்தோ வருகிறது.

நிர்வாகத்திடம் பேசுவது

வேலையை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் குழந்தை பிறந்து, உங்கள் எண் கீழே இறங்கும் வரை சுடும் கூடத்திலிருந்து விலகி இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறைப் பாடம், தோட்டா இல்லாமல் செய்யும் குறிப் பயிற்சி, திட்டமிடல், பதிவு எல்லாமே பயிற்சியாளர் வேலைதான். ஏர் ரைஃபிள் பிரிவுக்கு மாறுவதும் ஒரு வழி. அங்கே பிரைமர் இல்லை, அதனால் ஈயப் புகை மிகக் குறைவு. பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவினால் பெரும்பகுதி முடிந்தது. பாயிண்ட் 22 துப்பாக்கியை ஏர் ரைஃபிள் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதன் குண்டு பெரும்பாலும் உறையே இல்லாத ஈயம், பிரைமரும் உண்டு.

பேசும்போது உங்கள் நோயிலிருந்து தொடங்காமல் காற்றிலிருந்து தொடங்குங்கள். காற்றில் ஈயம் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்களா, கடைசியாக எப்போது, புகை விட்டுக் காற்றின் திசையைப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். புகைச் சோதனைக்குப் பெரிய செலவில்லை: சுடும் கோட்டில் விட்ட புகை இலக்கை நோக்கி நேராகப் போக வேண்டும், சுழன்று திரும்பக் கூடாது. பல நாடுகளில் ஈயம் உள்ள வேலைக்குக் காற்று அளப்பதும், தொழிலாளியின் ரத்தத்தைப் பார்ப்பதும் முதலாளியின் செலவும் பொறுப்பும்தான். அமெரிக்க விதியில், வரம்பைத் தாண்டி விலக்கப்பட்டவருக்கு 18 மாதம் வரை சம்பளமும் பணி மூப்பும் குறையக் கூடாது. உங்கள் 27 அந்த வரம்பைத் தொடவில்லை, அதனால் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு கடிதம் கொடுங்கள். கேட்ட தேதி, பதில் வந்த தேதி, பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். உங்களோடு வேலை செய்யும் மற்றவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேருக்கு எண் ஏறியிருந்தால், அது உங்கள் சொந்தப் பிரச்சினை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சிரை ரத்த அறிக்கை வந்ததும் மூவருடையதையும் அலகோடு சேர்த்து எழுதுங்கள்.

மகளைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தூக்கலாம், குளித்துவிட்டு வந்த பிறகு. அதுவரை கதவருகில் அவளை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.